மூளை சாட்சி சொல்லுமா?

2021 ஜனவரி 24. அப்போது சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் இரு இளம்பெண்கள் சொந்த வீட்டிலேயே கொல்லப்பட்டுக் கிடந்தார்கள். கைதானவர்கள் பெற்றோர், படித்தவர்கள், கற்பிக்கும் தொழிலில் இருந்தவர்கள். மகள்கள் உயிர்பெற்று வருவார்கள் என்று அவர்கள் நம்பியதாக போலீஸ் சொன்னது. திருப்பதி ருயா மருத்துவமனையில் மனநல மருத்துவர்கள் பரிசோதித்த பிறகு, இருவரும் விசாகப்பட்டினம் அரசு மனநல மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டார்கள்.

இத்தகைய வழக்குகளில் பலருக்கும் எழும் ஆசை: மண்டையை ஸ்கேன் எடுத்தால் உண்மை தெரிந்துவிடாதா? தெரியாது. இந்திய தண்டனைச் சட்டத்தின் 84வது பிரிவு (இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 22) கேட்பது, செயலைச் செய்த நேரத்தில் அது தவறென்று உணரும் நிலையில் அவர் இருந்தாரா என்பதை. ஸ்கேனில் கட்டி தெரியும், ரத்தக்கசிவு தெரியும். என்றைக்கோ ஓடிய எண்ணம் தெரியாது.

எண்ணத்தையே படித்துவிட்டதாக ஒரு நீதிமன்றம் நம்பியதும் உண்டு. 2008 ஜூனில் புனே செஷன்ஸ் நீதிமன்றம், முன்னாள் காதலருக்குப் பிரசாதத்தில் ஆர்சனிக் கலந்து கொடுத்ததாக ஒரு மேலாண்மை மாணவிக்கு ஆயுள் தண்டனை விதித்தது. வேறு சாட்சியங்களோடு, 'பியாஸ்' என்ற சோதனை முடிவும் ஏற்கப்பட்டது. தலையில் மின்முனைகளைப் பொருத்தி, 'ஆர்சனிக் வாங்கினேன்' என்பது போன்ற வாக்கியங்களை ஒலிக்கவிடுவார்கள். அவர் வாய் திறக்க வேண்டாம். மூளையின் மின் அலைகளை வைத்து, செய்த நினைவா, கேள்விப்பட்ட செய்தியா என்று கணினி சொல்லிவிடுமாம்! இதை உருவாக்கியவர் பெங்களூர் நிம்ஹான்ஸின் முன்னாள் பேராசிரியர் சம்பாடி ராமன் முகுந்தன். அதே ஆண்டு, அதே நிம்ஹான்ஸின் இயக்குநர் தலைமையிலான குழு, இந்தச் சோதனைக்கு அறிவியல் அடிப்படை போதாது, கோர்ட்டுக்கு உதவாது என்று சொன்னது. மாணவிக்குப் பின்னர் மும்பை உயர் நீதிமன்றம் ஜாமீன் அளித்தது.

2010 மே 5இல் செல்வி வழக்கில் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான பெஞ்ச் கடிவாளம் போட்டது. நார்கோ, பாலிகிராஃப், மூளை அலைச் சோதனை எதையும் ஒருவர் மீது கட்டாயமாக நடத்தக் கூடாது. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லவைக்கக் கூடாது என்ற 20(3)வது பிரிவு, பேசாத மூளைக்கும் பொருந்தும். சம்மதித்தால் நடத்தலாம், ஆனால் முடிவு மட்டுமே சாட்சியம் ஆகாது. அதன் வழியே ஆயுதமோ வேறு பொருளோ கிடைத்தால் அது செல்லும்.

சிக்கல் அந்தச் 'சம்மத'த்தில்தான். லாக்கப்பில் இருப்பவர், 'மாட்டேன்' என்றால் குற்றவாளி என்று எழுதும் பத்திரிகைகளுக்கு நடுவே எப்படி மறுப்பார்? மாஜிஸ்திரேட் முன்னிலையில், வழக்கறிஞர் துணையுடன் சம்மதம் பதிவாக வேண்டும் என்பது விதி. 2025 ஜூனில் பீகார் வழக்கு ஒன்றில், குற்றம் சாட்டப்பட்ட அனைவருக்கும் நார்கோ சோதனை நடத்துவதாக போலீஸ் சொன்னதைப் பாட்னா உயர் நீதிமன்றம் ஜாமீன் விசாரணையின்போதே ஏற்றிருந்தது. உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, செல்வி தீர்ப்பை மறுபடி எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.