உங்களுக்குத் தெரியுமா? நல்ல இடத்தில் தொடங்கு!

களை மண்டிய காட்டைச் சீர்செய்ய எங்கிருந்து தொடங்குவீர்கள்? களை அதிகம் உள்ள இடத்திலிருந்துதானே! சிட்னி நகரின் மோஸ்மன் பகுதியில் வாழ்ந்த ஜோன் பிராட்லி, ஐலீன் பிராட்லி சகோதரிகள் இதைத் தலைகீழாக்கினார்கள். 1960-களில் வீட்டருகே இருந்த துறைமுகக் கரைக் காட்டில் களை பிடுங்கிப் பிடுங்கி அவர்கள் கண்ட முறை இது: மண்ணுக்குரிய செடிகள் செழிப்பாக இருக்கும் இடத்தில் தொடங்கி, மெல்ல மெல்லக் களைப்புதரை நோக்கி நகர வேண்டும்.

மொத்தமாக வெட்டிச் சாய்த்தால், வெயில் பட்ட வெற்றுத் தரையில் களை விதைகளே முந்திக்கொண்டு முளைக்கும். அதனால் வேரைச் சுற்றி மண்ணை நெகிழ்த்தி, களையைப் பதமாக இழுத்தெடுத்து, விலக்கிய சருகை அதே இடத்தில் திரும்பப் பரப்பினார்கள். பக்கத்துச் செடிகளின் விதை முளைத்து அந்த இடத்தைப் பிடித்த பிறகே அடுத்த அடி. மரக்கன்று நட்டு நிரப்புவதைவிடக் காடு தானே மீள்வதையே அவர்கள் நம்பினார்கள்.

சிட்னிக் காடுகளை வாட்டும் களைகளில் உண்ணிச்செடியும் ஒன்று; முதுமலையில் மண்டிக்கிடக்கும் அதே அமெரிக்கச் செடிதான்! சிட்னியில் இன்றும் தன்னார்வக் குழுக்கள் இந்த வழியில் உழைக்கின்றன. உங்கள் ஊரிலும் களை அகற்றப் போகிறீர்களா? ஜேசிபியை அழைப்பதற்கு முன், நல்ல செடி எங்கே மிச்சமிருக்கிறது என்று பாருங்கள்.