ஆபீஸ் மெயில் 'டெலிட்' ஆயிடுச்சா? பதறாதீங்க... ஆனா நாள் கணக்கு முக்கியம்!

திருப்பூர்:

பனியன் கம்பெனிகளில் மெர்ச்சண்டைசர் வேலை பார்ப்பவர்களுக்கு இ-மெயில் தான் எல்லாமே. கலர் ஓகே ஆனது, அளவு மாறியது, சரக்கு கப்பல் ஏற வேண்டிய தேதி என எல்லாம் அதில் தான் வரும். "இந்தக் கலரை நாங்க ஓகே பண்ணவே இல்லையே" என்று வெளிநாட்டு பையர் கையை விரித்தால், பழைய மெயிலைக் காட்டினால் தான் தப்பிக்க முடியும். அந்த நேரம் பார்த்து மெயில் காணோம் என்றால்?

முதலில் பார்க்க வேண்டியது 'ஆர்கைவ்'. ஜிமெயிலில் கை தவறி இதை அமுக்கிவிட்டு, மெயில் அழிந்தே போச்சு என்று அலறுபவர்கள் தான் அதிகம். அது எங்கும் போகாது. இன்பாக்ஸில் இருந்து மட்டும் விலகி 'ஆல் மெயில்' பகுதியில் பத்திரமாக இருக்கும். யாராவது பதில் போட்டால் தானாகவே மறுபடியும் இன்பாக்சுக்கு வந்து நிற்கும்.

'டெலிட்' அப்படி இல்லை. ஜிமெயிலில் அழித்தது 'டிராஷ்' எனும் குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும். அதற்குள் நாமே எடுத்துக் கொள்ளலாம். குப்பைத் தொட்டியும் காலியாகிவிட்டால் ஊழியரால் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கம்பெனி, கூகுளிடம் பணம் கட்டி வாங்கிய மெயிலாக இருந்தால், 'அட்மின்' நினைத்தால் அடுத்த 25 நாளுக்குள் மீட்டு விடலாம். 26-வது நாள் போய் நின்றால் கதை முடிந்தது.

மைக்ரோசாப்ட் மெயில் வைத்திருக்கும் கம்பெனிகளில் கணக்கு வேறு. 'டெலிட்டட் ஐட்டம்ஸ்' பகுதியில் இருந்தும் அழித்த மெயிலை, வழக்கமாக 14 நாள் வரை ஊழியரே திரும்ப எடுக்கலாம். கம்பெனி விரும்பினால் இதை 30 நாள் வரை நீட்டிக்க முடியும்.

ஓனருக்கு தெரியாதா?

திட்டு வாங்கிய மெயிலை அழித்துவிட்டால் ஓனருக்கு தெரியாது என்று சிலர் நினைக்கிறார்கள். அது தப்பு. 'வால்ட்' போன்ற சேமிப்பு வசதி போட்டிருக்கும் இடத்தில், ஊழியர் அழித்தாலும் கம்பெனி வைத்த கெடு முடியும் வரை மெயில் தேடினால் கிடைக்கும்.

சின்ன கம்பெனிகளில் தான் உண்மையான ஆபத்து. 'பாப்' முறையில் அவுட்லுக் வைத்திருந்தால், மெயில் ஒரே கம்ப்யூட்டரில் இறங்கிவிட்டு சர்வரில் இருந்து அழிந்து விடலாம். 'சர்வரில் ஒரு காப்பி வை' என்ற இடத்தில் டிக் அடித்திருக்கிறதா என்று பார்ப்பது நல்லது. இல்லாவிட்டால் ஹார்டு டிஸ்க் போனால் மெயிலும் போச்சு. 'ஐமேப்' முறையில் வேறு தொல்லை. செல்போனில் அழித்தால் ஆபீஸ் கம்ப்யூட்டரிலும் சேர்ந்து அழியும்.

கூகுளுக்கே 2011 பிப்ரவரியில் இந்த சோதனை வந்தது. சாப்ட்வேர் கோளாறால் 0.02 சதவீதம் பேரின் ஜிமெயில் பெட்டி காலியானது. தனியாக டேப்பில் எடுத்து வைத்திருந்த காப்பியில் இருந்து தான் மீட்டார்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

வேலையை விட்டு நிற்பவர்கள் உஷாராக இருக்க வேண்டும். அட்மின் கணக்கையே நீக்கிவிட்டால் கூகுளில் 20 நாள், மைக்ரோசாப்டில் 30 நாள் வரை தான் அதைத் திரும்பக் கொண்டு வர முடியும். அதுவும் கம்பெனி மனசு வைக்கணும். அப்பாயின்ட்மென்ட் ஆர்டர், சம்பள ஸ்லிப், ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயில் ஆகியவற்றை வேலையில் இருக்கும்போதே சொந்த மெயிலில் சேர்த்து வைத்துக் கொள்ளலாம். பி.எப். பணத்துக்கோ, சம்பள பாக்கிக்கோ அலையும்போது கை கொடுப்பது அது தான். ஆனால் பையர் பெயர், ரேட் விவரங்களை அள்ளிக்கொண்டு போனால் வம்பு. அது கம்பெனி சொத்து.

கம்பெனிக்காரர்களும் பழைய மெயிலை இஷ்டத்துக்கு அழிக்க முடியாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்கு ஆவணங்களை, ஆண்டு ரிட்டன் கடைசி தேதியில் இருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். பில், ஆர்டர் எல்லாம் மெயிலில் மட்டுமே வைத்திருப்பவர்கள், இடம் போதவில்லை என்று அழிக்கும் முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக் கொள்ளலாம்.