மடை மூடும் நேரம்

டெக்சாஸில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2009-ஆம் ஆண்டு ஹார்லி டேவிட்சன் எலெக்ட்ரா கிளைடு ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினாராம். மனைவியைப் பின்னால் உட்காரவைத்து, பெட்டிகளை நிரப்பிக்கொண்டு விடுமுறைதோறும் கொலராடோ மலைப்பக்கம் போய்வருகிறார். ஏற்றம் வந்தால் வண்டி திணறுகிறது. கேம் ஷாஃப்டை மாற்றிவிடு என்கிறார்கள் நண்பர்கள். “பட்டியலைத் திறந்தால் கேம்கள் வரிசையாக நிற்கின்றன. எதை எடுப்பது?” என்பது அவர் கேள்வி.

இன்ஜின் உறுப்புகளில் எனக்கு மிகப் பிரியமானது கேம்தான். உழைப்பது பிஸ்டன், சுமப்பது கிராங்க். ஆனால் மூச்சை எப்போது இழுப்பது, எப்போது விடுவது என்று முடிவு செய்வது இந்த இரும்புத் தண்டின் முட்டை வடிவ மேடுகள்.

வாசகரின் வண்டியில் இருப்பது ட்வின் கேம் 96 இன்ஜின், 1,584 சிசி. பெயருக்கு ஏற்றபடி இரண்டு கேம்கள். வலப்பக்க மூடிக்குள் அடியில் உட்கார்ந்து, புஷ்ராடுகள் வழியாக மேலே உள்ள வால்வுகளைத் தள்ளுகின்றன. திருவொற்றியூரில் செய்த பழைய புல்லட்டிலும் ஏறக்குறைய இதே ஏற்பாடுதான். அதனால் இன்ஜினை இறக்காமலேயே கேமை மாற்றலாம்.

ஒவ்வொரு கேமோடும் ஓர் அட்டை வரும். வால்வு எவ்வளவு உயரம் தூக்கப்படுகிறது என்பது லிஃப்ட். எத்தனை டிகிரிக்குத் திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். ஹார்லி கேம்களில் டேப்பெட் 0.053 அங்குலம் உயர்ந்த இடத்திலிருந்து இதை அளப்பது வழக்கம். சிலர் வால்வு இருக்கையை விட்டு எழும்போதே அளந்து பெரிய எண்ணாகப் போட்டுவிடுவார்கள். இரண்டு கேம்களை ஒப்பிடும் முன் இரண்டும் ஒரே முறையில் அளந்தவையா என்று பாருங்கள்.

ஆனால் பலரும் தாண்டிப் போகும் எண் ஒன்று அந்த அட்டையில் இருக்கிறது. காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வு எத்தனை டிகிரியில் மூடுகிறது என்பது. என்னை இன்றைக்கும் வியக்கவைப்பது இதுதான். பிஸ்டன் கீழே இறங்கிக் காற்றை உறிஞ்சுகிறது. அடிமட்டத்தைத் தொட்டதும் உறிஞ்சல் முடிந்தது. வால்வு அங்கேயே மூட வேண்டும் என்றுதான் தோன்றும். மூடுவதில்லை. பிஸ்டன் திரும்பி மேலே ஏறத் தொடங்கிய பிறகும் வால்வு திறந்தே இருக்கிறது. கிராங்க் இன்னும் 30, 40 டிகிரி சுற்றிய பிறகுதான் மூடுகிறது.

இதன் பொருள் எனக்குப் புரிந்தது எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அல்ல. பொள்ளாச்சிப் பக்கம் அப்பாவின் கடலைக் காட்டில். கிணற்று மோட்டாரை நிறுத்தினாலும் நீண்ட வாய்க்காலில் தண்ணீர் வந்துகொண்டே இருக்கும். மோட்டார் நின்ற நொடியில் மடையை அடைத்தால் வரும் தண்ணீர் வீண். அப்பா மண்வெட்டியோடு காத்திருப்பார். வேகமாக வரும் தண்ணீர் பாத்தி நிறைந்த பிறகும் முட்டிக்கொண்டு உள்ளே ஏறும். வேகம் குறைந்துவிட்டால் நிறைந்த பாத்தியிலிருந்து தண்ணீர் வாய்க்காலுக்கே திரும்பும். அந்தத் திரும்பலுக்கு ஒரு கணம் முன்னால் மடை அடைபட வேண்டும்.

காற்றும் அப்படித்தான். அதற்கும் எடை உண்டு, ஓட்டம் பிடித்தால் உடனே நிற்காது. இன்ஜின் நிமிடத்துக்கு 5,000 சுற்றில் ஓடும்போது குழாயில் காற்று பாய்ந்து வரும். வால்வு தாமதமாக மூடினால் கூடுதல் காற்று உள்ளே ஏறும். 2,500 சுற்றில் அந்த வேகம் கிடையாது. அதே தாமதத்தில், ஏறிவரும் பிஸ்டன் உள்ளே வந்த காற்றையே வெளியே தள்ளிவிடும். 2,500 சுற்றில் 10 டிகிரி என்பது ஒரு நொடியில் 1,500-இல் ஒரு பங்கு நேரம். மலை ஏறுவதும் திணறுவதும் அதற்குள் முடிவாகிவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. வால்வு மூடிய பிறகுதான் காற்று அழுத்தப்படத் தொடங்கும். இந்த இன்ஜினின் கம்ப்ரெஷன் காகிதத்தில் 9.2:1. வால்வு எவ்வளவு தாமதமாக மூடுகிறதோ, அவ்வளவுக்கு உண்மையான அழுத்தம் குறையும். அதனால்தான் வால்வைத் தாமதமாக மூடும் பெரிய கேமுக்குக் கம்ப்ரெஷனையும் கூட்ட வேண்டியிருக்கிறது. பழைய பிஸ்டனை வைத்துக்கொண்டு பெரிய கேம் மட்டும் போட்டால் கீழ்ச்சுற்றில் இருந்த இழுவையும் போகும்.

என் நண்பர் ஒருவர் புல்லட்டுக்கு ‘ரேஸ் கேம்’ போட்டார். நேர்ச்சாலையில் பறந்தது. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் வண்டி இருமி நின்றது. கேமைப் பொருத்திய மெக்கானிக், அவர் எங்கே ஓட்டுகிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பவர் எண்ணைக் காட்டித்தான் கேம் விற்கிறார்கள். குதிரைத்திறன் என்பது அடி-பவுண்டில் அளந்த டார்க்கைச் சுற்றால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் கிடைப்பது. சுற்று ஏற ஏற எண்ணும் பெருகும். ஆனால் இந்த இன்ஜினின் எல்லையே 5,500 சுற்றை ஒட்டித்தான். இரண்டு பேரையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகிறவர் நாளெல்லாம் 2,500-க்கும் 3,000-க்கும் இடையில்தான் இருப்பார். வாழாத ஊரில் வீடு வாங்குவதுபோல, போகாத சுற்றுக்குப் பவர் வாங்கி என்ன பயன்? நின்றுகொண்டிருக்கும்போது வண்டி குதித்துக் குதித்துத் துடிக்க வேண்டும் என்பதற்காகவே ஓவர்லேப் மிகுந்த கேமைத் தேடுகிறவர்களும் உண்டு. அப்படிப்பட்ட கேமில் காற்றை உள்ளே விடும் வால்வும் புகையை வெளியே விடும் வால்வும் நெடுநேரம் சேர்ந்து திறந்திருக்கும். கீழ்ச்சுற்றில் எரியாத பெட்ரோலின் ஒரு பங்கு சைலன்சர் வழியே போகும். ஒலிக்காக எரிபொருளைக் கொட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஆகவே வாசகருக்கு என் பதில்: இன்டேக் வால்வு 35 டிகிரிக்குள் மூடுகிற, ஓவர்லேப் குறைந்த கேம். லிஃப்ட், இருக்கிற ஸ்பிரிங் தாங்கும் அளவுக்குள் இருக்கட்டும். மலை உச்சியில் காற்றே மெலிந்திருக்கும். அதை எந்தக் கேமும் மாற்றாது. வந்த காற்றை வீணாக்காமல் பிடித்துக்கொள்வதுதான் கேம் செய்யக்கூடிய உதவி.

மூடியைத் திறந்ததும் கேமை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடாதீர்கள். செயின் டென்ஷனரின் தேய்மானத்தைப் பாருங்கள், உள் பேரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள். காற்றின் அளவு மாறிவிட்டதால் எரிபொருள் டியூனிங்கும் செய்தாக வேண்டும். அதைச் செய்யாமல் ஓட்டினால் இன்ஜின் காய்ந்து கொதிக்கும். உறுப்புக்குப் பணம் கொடுக்கத் தயங்காத நாம், அளப்பதற்கும் சரிபார்ப்பதற்கும் மெக்கானிக் கேட்கும் கூலியில் பேரம் பேசுகிறோம். நல்ல இன்ஜின்கள் பாழாவது பெரும்பாலும் இந்தப் பேரத்தால்தான்.

ஆர்டர் கொடுக்கும் முன் ஒரு மாதம் பொறுங்கள். ஏற்றத்தில் வண்டி திணறும் ஒவ்வொரு இடத்திலும் டாக்கோமீட்டர் முள்ளைப் பார்த்து, அந்த எண்ணை ஒரு தாளில் குறித்து வையுங்கள். கேம் விற்பவரிடம் முதலில் அந்தத் தாளைக் கொடுங்கள். அதைப் படிக்காமல் கேமை எடுத்து நீட்டுகிற கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள்.