கழுத்து டிஸ்க் விலகினால் கத்திதான் வழியா?

சென்ற மாரிக்குப் பிறகு ஒரு குடும்பத் தலைவர் என்னைத் தேடி வந்தார். புதுக் காணிக்கு வந்த நாள் முதல் தண்ணீரும் விறகும் தலைச்சுமைதான். கழுத்தில் தொடங்கிய வலி தோளால் இறங்கி, பெருவிரல் விறைத்துவிட்டது. தனியாரிடம் ஸ்கான் எடுத்து, "டிஸ்க் விலகியிருக்கிறது" என்று கேட்டதும், மனைவியின் தாலிக்கொடியை அடகு வைத்தாவது ஒப்பரேஷன் செய்ய வேண்டும் என்று நின்றார்.

'விலகியது' என்ற சொல்லே பயமூட்டுகிறது. கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உண்டு. மேல் இரண்டுக்கு நடுவில் தவிர, மற்றவற்றின் இடையே மெத்தை போன்ற தட்டுகள் இருக்கின்றன. தட்டின் உறை வெடித்து உள்ளிருக்கும் களி பிதுங்கி, கைக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. பழுது கழுத்தில், நோவு கையில். பிதுங்கிய களியை யாரும் தள்ளி உள்ளே வைக்க முடியாது. ஆகவே சலூனில் கழுத்தை நெட்டி முறிக்க விடாதீர்கள்; மூளைக்குப் போகும் இரத்தக்குழாய் கிழிந்து பாரிசவாதம் வந்தவர்களும் உண்டு. எண்ணெயை மெதுவாகத் தடவுவதில் குற்றமில்லை.

பிதுங்கியதை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ளும். பெரும்பாலானோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் வலி தணிகிறது. நோவே இல்லாதவர்களின் ஸ்கானிலும் பிதுக்கம் தெரிவதுண்டு. படத்தை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது.

அதுவரை சுமையை நிறுத்துங்கள், ஆனால் படுத்தே கிடக்க வேண்டாம். கழுத்துப் பட்டி சில நாட்களுக்குப் போதும். பரசிற்றமோல் அளவோடு எடுக்கலாம். டைக்குளோபினக் போன்ற குளிசைகள் வயிற்றுப்புண், சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. வரண்ட வலய விவசாயிகளிடையே சிறுநீரக நோய் மிகுந்திருப்பதால், இவற்றைக் கடையில் தாமாக வாங்கி விழுங்க வேண்டாம். மாத்தளை அரசாங்க வைத்தியசாலையில் காட்டி, கழுத்துக்கான பயிற்சிகளைக் கேட்டுப் பழகுங்கள்.

ஆறு வாரமாகியும் தாங்க முடியாத வலி இருந்தால், அல்லது கை பலமிழந்து வந்தால், கண்டி தேசிய வைத்தியசாலையின் நரம்பியல் சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கேளுங்கள். கழுத்தின் முன்பக்கமாகத் தட்டை அகற்றி எலும்புகளைப் பொருத்தும் சிகிச்சை 1950களிலிருந்தே நடந்து வருகிறது. அரசாங்க வைத்தியசாலையில் அதற்குக் கட்டணமில்லை. முறை வரும்வரை காத்திருக்க நேரலாம்.

சிலர் காத்திருக்கக் கூடாது. சட்டைப் பொத்தான் போட விரல் வழங்காமல் போவது, நடையில் தள்ளாட்டம், சிறுநீர் தடைப்படுவது அல்லது அடங்காமல் போவது: இவை முண்ணாணே நசுங்குவதன் அறிகுறிகள். மிளகு பறிக்கும் ஏணியிலிருந்து விழுந்தபின் கழுத்து நொந்தாலும் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முண்ணாண் நசுங்கியவருக்குச் சத்திரசிகிச்சையே தஞ்சம். பிந்தினால் இழந்த பலம் முழுதாகத் திரும்பாது.

நம்மவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஒன்பதாம் வாரமளவில் வலி பெரிதும் குறைந்தது. பெருவிரலில் சற்று விறைப்பு இன்னும் உண்டு. தண்ணீர்க் கானை இப்போது சைக்கிளில் கட்டித்தான் உருட்டி வருகிறார்.