தாமத ஏற்றப் பிழை

தாமத ஏற்றம் என்பது ஒரு பொருளோடு தொடர்புடைய தரவுகளை, அவை கேட்கப்படும்போது மட்டும் தரவுத்தளத்திலிருந்து எடுக்கும் முறை ஆகும். ஜாவா மொழிக்கான ஹைபர்னேட் மென்பொருள் இம்முறையைக் கையாள்கிறது. எடுத்துக்காட்டாக, ஓர் ஆசிரியரின் விவரத்தைப் பெறும்போது அவர் எழுதிய நூல்களின் பட்டியல் உடன் வருவதில்லை. அதன் இடத்தில் நிரப்பப்படாத உறை ஒன்றே இருக்கும்.

பிழைக்கான காரணம்

ஆசிரியர் பொருளை ஜேசன் வடிவத்துக்கு மாற்றும் ஜாக்சன் நிரலகம், அதன் எல்லாப் பண்புகளையும் படிக்க முயலும். நூல் பட்டியலைத் தொடும் நேரத்தில் ஹைபர்னேட் அமர்வு மூடப்பட்டிருந்தால், ‘லேசி இனிஷியலைசேஷன் எக்செப்ஷன்’ என்னும் பிழை எழும். பிழை மாற்றத்தின்போது வெளிப்பட்டாலும், குறை தரவை எடுத்த இடத்திலேயே உள்ளது.

தீர்வுகள்

- நூல்களும் தேவையெனில், ‘ஜாயின் ஃபெட்ச்’ வினவலால் இரண்டையும் ஒன்றாக எடுக்கலாம்.
- அமர்வு மூடப்படுமுன், தேவையான புலங்களை மட்டும் தனி வகுப்பு ஒன்றில் நகலெடுத்து அதை அனுப்பலாம்.
- நூல்கள் தேவையில்லையெனில், ‘ஜேசன் இக்னோர்’ குறிப்பால் அப்பண்பை விலக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

ஸ்பிரிங் பூட், இயல்பாகவே இணையக் கோரிக்கை முடியும்வரை அமர்வைத் திறந்து வைக்கிறது. இதனால் பிழை மறையுமே தவிர, குறை நீங்காது. 100 ஆசிரியர்களைப் பட்டியலிட 1 வினவலும், ஒவ்வொருவரின் நூல்களுக்கும் ஒன்றாக 100 வினவல்களும் சேர்ந்து 101 ஆகிவிடும். அதே நிரல், கோரிக்கை ஏதுமின்றிப் பின்னணியில் இயங்கும்போது மீண்டும் பிழை தரலாம்.