நடுக்கத்தின் பின்னே மறைந்திருக்கும் துயர்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், தான்தோன்றீஸ்வரர் ஆலயத்தால் புகழ்பெற்ற ஊர் கொக்கட்டிச்சோலை. அங்கே வயலும் மாடுமாக வாழ்ந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். கை நடுங்குகிறது, நடை தளர்ந்துவிட்டது. ஆண்டுதோறும் தவறாது சென்ற தேர்த் திருவிழாவுக்கும் இம்முறை அவர் புறப்படவில்லை. "வயது போய்விட்டது, வேறொன்றுமில்லை" என்கின்றனர் வீட்டார். வேறொன்று இருக்கலாம் என்பதே நாம் அறியவேண்டியது.

நடுக்குவாத நோயை 1817 ஆம் ஆண்டில் விவரித்து எழுதியவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்னும் இலண்டன் வைத்தியர். மூளையில் டோபமின் என்னும் பொருளை உண்டாக்கும் கலங்கள் அழிவதால் உடல் அசைவு தளர்கிறது. மனத்தின் உற்சாகத்துக்குத் துணைபுரியும் வேறு சில பொருள்களும் கூடவே குறைகின்றன. ஆகவே மனச்சோர்வு, நோயை எண்ணிக் கலங்குவதால் மட்டும் வருவதன்று. நோயின் ஓர் அங்கமாகவும் வருவது. சிலருக்கு நடுக்கத்துக்கு முன்னரே அது தோன்றிவிடுகிறது.

இதனைக் கண்டறிவது எளிதன்று. உணர்ச்சி காட்டாத முகம், தணிந்த குரல், உறக்கமின்மை ஆகியன இரண்டுக்கும் பொதுவானவை. முகத்தைக் கொண்டு முடிவு செய்யாது, விரும்பிய காரியங்களில் நாட்டம் குன்றியதா, "நான் வீட்டுக்குப் பாரம்" என்னும் எண்ணம் உண்டா என்று அன்புடன் கேட்டறிய வேண்டும்.

பரிகாரம் உண்டு. நடுக்குவாத மருந்தின் அளவையும் வேளையையும் வைத்தியர் சீர்செய்வார். 2012 இல் வெளியான ஆய்வொன்றில், பரோக்செற்றின், வென்லபாக்சின் என்னும் மருந்துகள் இந்நோயாளரின் மனச்சோர்வைக் குறைத்தன. உடல் அசைவை அவை கெடுக்கவுமில்லை. உளவள ஆலோசனையும் உடற்பயிற்சியும் நற்றுணையாகும்.

எச்சரிக்கை ஒன்று. நடுக்குவாதத்துக்குக் கொடுக்கும் செலெஜிலின் போன்ற மருந்துகள் சில மனச்சோர்வு மருந்துகளுடன் சேர்ந்தால் ஆபத்து விளையலாம். உட்கொள்ளும் மருந்து யாவற்றையும் வைத்தியரிடம் காட்டுங்கள். பூனைக்காலி விதையிலும் நடுக்குவாத மருந்தான லெவோடோபா உண்டு. 1937 இல் சென்னை ஆராய்ச்சியாளர் அதனைப் பிரித்தெடுத்தனர். அவ்விதையைத் தாமாக அளவின்றி உண்பதும், வைத்தியர் தந்த மருந்தைத் திடீரென நிறுத்துவதும் தீங்காகும்.

முன்னர் மண்முனைத் துறையில் பாதைக்குக் காத்திருந்தே வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. 2014 இல் பாலம் திறக்கப்பட்டபின் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் செல்வது எளிதாயிற்று. வாழ்வை வெறுத்த பேச்சு எழுமாயின் தாமதியாது உதவி தேடுங்கள். 1926 என்னும் தேசிய மனநல உதவி எண்ணும் உண்டு.

திண்ணையில் மௌனமாயிருக்கும் பெரியவரின் அருகில் இன்று மாலை சற்று அமர்ந்து கதையுங்கள். சிகிச்சை அங்கேதான் தொடங்குகிறது.