இந்துமதி கதிரேசன்

இந்துமதி கதிரேசன் (பிறப்பு: 5 சூன் 1994) கடலூரைச் சேர்ந்த இந்தியக் காற்பந்து வீராங்கனை. நடுக்கள ஆட்டக்காரர். தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளராகவும் பணியாற்றுபவர். கடலூர், புதுச்சேரிக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு காலத்தில் ஆங்கிலேயரின் கடலூரும் பிரெஞ்சுக்காரரின் புதுச்சேரியும் எதிரும் புதிருமாக இருந்தன. இன்று கடலூர்ப் பெண்களின் ஆட்டத்தைப் பற்றிப் புதுச்சேரிக்காரர்களும் பெருமையாகப் பேசுகிறார்கள்.

நடுக்கள ஆட்டக்காரரின் வேலையை மாணவர்களுக்குச் சொல்வதானால், பின்வரிசையிலிருந்து வரும் பந்தை வாங்கி முன்வரிசையிடம் சேர்ப்பது. பந்தை எதிரணி பறித்துவிட்டால் திரும்பி ஓடி மீட்க வேண்டியதும் அவரே. எனவே மைதானத்தில் அதிகம் ஓடுபவர்களுள் ஒருவர் அவர். ஆனால் கோல் பட்டியலில் அவர் பெயர் குறைவாகவே வரும். இந்துமதியின் பெயரோ முக்கியமான ஆட்டங்களில் வந்திருக்கிறது. 2017 சனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசியப் பெண்கள் போட்டியின் இறுதியாட்டத்தில் இந்தியா வங்காளதேசத்தை 3-1 என வென்றது. மூன்றாவது கோல் இந்துமதியுடையது. 2019 மார்ச்சில் நேபாளத்தின் விராட்நகரில் அதே வங்காளதேசத்துக்கு எதிரான அரையிறுதியில் 2 கோல்கள் அடித்தார். அவ்வாண்டும் கோப்பை இந்தியாவுக்கே கிடைத்தது. அது தொடர்ந்து பெற்ற ஐந்தாவது கோப்பை.

மாநில அளவில் 2018 தனிச்சிறப்பான ஆண்டு. பெண்கள் காற்பந்தில் மணிப்பூரின் ஆதிக்கம் தெரிந்ததே. கட்டக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில் தமிழ்நாடு அந்த மணிப்பூரை 2-1 என வீழ்த்தி முதல்முறையாகப் பட்டம் வென்றது. அவ்வணியில் இந்துமதியும் இருந்தார். அடுத்த ஆண்டு, மதுரையைச் சேர்ந்த சேது காற்பந்துக் கழகம் இந்தியப் பெண்கள் லீக்கை வென்றபோதும் அவர் அக்கழகத்துக்காக ஆடினார். 2023-இல் கோகுலம் கேரள அணியுடன் மீண்டும் லீக் பட்டம் பெற்றார்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்குக் காவல் பணியும் உண்டு. 2020 ஊரடங்கின்போது சென்னையில் சீருடையில் கடமையாற்றினார். ஆண்களுக்கான லீக்கில் புழங்கும் பணத்தில் சிறு பங்குகூடப் பெண்கள் லீக்கில் இல்லை. ஆட்டக்காலமும் சில மாதங்களே. ஆகவே நிலையான அரசுப் பணி கிடைத்தால்தான் பல வீராங்கனைகளால் ஆட்டத்தைத் தொடர முடிகிறது. வேலை கிடைக்காமல் ஆட்டத்தை விட்டவர்களின் பெயர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும்.

2022 சனவரியில் இந்தியா நடத்திய ஆசியக் கோப்பைக்கான அணியிலும் இந்துமதி இடம்பெற்றார். ஈரானுடனான முதல் ஆட்டம் 0-0 எனச் சமனில் முடிந்தது. அதன்பின் அணியில் பலருக்குக் கொரோனா தொற்று ஏற்பட்டதால், சீன தைப்பே அணியுடன் ஆட 13 பேரைக்கூடத் திரட்ட முடியவில்லை. ஒரே ஆட்டத்துடன் இந்தியா போட்டியிலிருந்து விலக நேர்ந்தது.